கடைசிக் காட்சி

எனக்குத் தெரிந்த பத்திரிகாசிரியர் ஒருவர், கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். "முடிவு சரியாயிருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும்" என்பார். அவர் ஏற்றுக்கொண்ட என் கதைகளில் ஒன்றை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதி இருபத்தைந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பையன்கள். ஒருவனுக்கு மற்றவன்மேல் ஏற்பட்ட பிரியம் சிநேகிதத்தைத் தாண்டிவிட்டது என்பதை நான் நேராகச் சொல்லவில்லை. வாசகர்கள் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். முடிவை மட்டும் ஊகத்துக்கு விடவில்லை. அவனைக் கொண்டுபோய் ஊர்க் கிணற்றில் தள்ளிவிட்டேன். ஆசிரியர் படித்துவிட்டு, "பேஷ், இப்படித்தான் முடியவேண்டும்" என்றார். கதை பிரசுரமாயிற்று. நாலு பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். பிறகு நானும் அதை மறந்துவிட்டேன்.

சென்ற மாதம் என் தம்பி மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். என் பழைய தொகுதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "பெரியப்பா, இந்தப் பையன் ஏன் சாகணும்?" என்று கேட்டாள்.

"கதை அப்படிப் போயிற்று அம்மா" என்றேன்.

"கதை எங்கேயும் போகலை. நீங்கதான் கொண்டுபோனீங்க" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு தன் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் போட்டு என்னை எதிரே உட்கார வைத்தாள். "நடுவிலே எழுந்து காப்பிக்குப் போகக்கூடாது. கடைசிக் காட்சியைப் பார்த்துட்டுத்தான் பேசணும்" என்று நிபந்தனை வேறு.

படத்தின் பெயர் 'பியூட்டிஃபுல் திங்'. 1996-ம் வருஷம் வெளியான இங்கிலீஷ் படம். ஜோனதன் ஹார்வி எழுதிய நாடகத்தை, அந்த நாடகத்தை மேடையேற்றிய ஹெட்டி மக்டொனால்ட் என்ற பெண்மணியே படமாகவும் எடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. கதை பெரும்பாலும் ஒரே குடியிருப்பில், அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீட்டு வாசல்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்தக் குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், தேம்ஸ் நதிக்கரையின் சதுப்பு நிலத்தில், 1960-களில் நகராட்சியார் எழுப்பிய தேம்ஸ்மீட் என்ற புதுநகரம் அது. நம்மூர் ஹவுஸிங் போர்டு குடியிருப்பைப் போன்றது என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். 1953-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டியதால், தரைமட்டத்தில் யாரும் குடியிருக்கக்கூடாது என்று விதி செய்து, கீழே கார் கொட்டகைகளும் மேலே வீடுகளும், வீடுகளை இணைக்க ஆகாயத்தில் நடைபாதைகளுமாகக் கட்டினார்கள். 1968-ல் முதல் குடித்தனம் வந்தது. மூன்று வருஷங்களில் ஸ்டான்லி குப்ரிக் அங்கே வந்து 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தின் சில காட்சிகளை எடுத்தார். ரௌடிப் பையன்கள் திரியும் படம். கனவு நகரம் என்று கட்டியதைக் கெட்ட கனவுக்கு இடமாகப் பார்க்க ஜனங்களுக்கு அந்தப் படம் கற்றுக்கொடுத்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தக் காதல் கதை நடக்கிறது.

ஜேமி ஒரு வீட்டுப் பையன். விளையாட்டு வகுப்பென்றால் நழுவிவிடுவான், சக மாணவர்களின் கேலிக்கு ஆளானவன். அவன் தாய் சாண்ட்ரா ஒரு பப்பில் பரிமாறும் வேலை பார்க்கிறாள். புருஷன் இல்லாமல் பிள்ளையை வளர்க்கிறவள், வாய் நீளம், கை அதைவிட நீளம். அடுத்த வீட்டில் ஸ்டீ. விளையாட்டில் கெட்டிக்காரன். வீட்டுக்குப் போனால் குடிகாரத் தகப்பனும் முரட்டு அண்ணனும் அடிப்பார்கள். மூன்றாவது வீட்டில் லீயா. பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு, காஸ் எலியட்டின் இசைத்தட்டுகளை நாளெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிற கறுப்பினப் பெண். ஸ்டீ அடிபட்டு வரும் இரவுகளில் சாண்ட்ரா அவனைத் தன் வீட்டில் படுக்க வைக்கிறாள். இடம் இல்லாததால் ஜேமியின் கட்டிலில், தலைமாடு கால்மாடாக. ஒரு நாள் ஸ்டீயின் காயங்களுக்கு ஜேமி தைலம் தடவுகிறான். அவ்வளவுதான். வாழ்க்கையில் தன்னை அடிக்காத ஒரு கை இருக்கிறது என்பதை அந்தப் பையன் அப்போதுதான் தெரிந்துகொள்கிறான். காதல் அங்கே தொடங்குகிறது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தொழில் புத்தி என்னைச் சும்மா விடவில்லை. 'சரி, இருவரில் யார் சாகப்போகிறான்? அடிபடுகிறவனா, அடிபடாதவனா?' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசகர்களில் பலரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இந்தக் கணக்கை நமக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தபோதுதான் சரித்திரம் குறுக்கே வந்தது.

இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவுகொள்வதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியவர் எட்டாம் ஹென்றி. வருஷம் 1533. கடைசியாக இந்தக் குற்றத்துக்காகத் தூக்கில் போடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைகள். 1835 நவம்பர் 27-ம் தேதி நியூகேட் சிறை வாசலில் தொங்கினார்கள். 1861-ல் தூக்கு நீங்கியது, சிறை நீங்கவில்லை. 1885-ல் பார்லிமெண்டு ஒரே சட்டத்தில் இரண்டு காரியங்கள் செய்தது. பெண்களின் சம்மத வயதைப் 13-லிருந்து 16-ஆக உயர்த்தியது, அது நல்ல காரியம். ஆண்களுக்கிடையே எந்த விதமான தொடர்பையும் குற்றமாக்கும் ஷரத்து ஒன்றையும் அதில் செருகியது. அந்த ஷரத்தின்படிதான் 1895-ல் ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. ஆக, இப்படிப்பட்ட காதலுக்குத் தூக்குக் கயிறு, இல்லையென்றால் சிறைக் கம்பி என்று முடிவு எழுதி வைத்தவர் எந்த நாவலாசிரியரும் அல்ல. சர்க்கார்தான் எழுதியது. நாவலாசிரியர்கள் பார்த்து எழுதினார்கள்.

பார்த்து எழுத மறுத்தவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்த நாளில் எட்வர்ட் கார்ப்பெண்டர் என்ற இங்கிலீஷ்காரர் அவருக்கு நண்பரானார். அந்தச் சிநேகிதத்தை நம்பிக் கார்ப்பெண்டர் 1890-ல் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டுத் திரும்பினார். ஊருக்குப் போனபின் அவர் ஒரு தொழிலாளியோடு, ஒளிக்காமல், ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்தார். ஆண் ஆணை நேசிப்பது நோயல்ல, பாவமல்ல என்று, வைல்டு சிறைக்குப் போன அந்தக் காலத்திலேயே எழுதினார். அவர் வீட்டுக்கு 1913-ல் விருந்தாளியாக வந்தார் ஈ. எம். ஃபார்ஸ்டர். பின்னால் 1924-ல் 'எ பாஸேஜ் டு இந்தியா' எழுதிய அதே ஃபார்ஸ்டர்தான். அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போன வேகத்தில் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதத் தொடங்கி 1914-ல் முடித்துவிட்டார்.

'மாரிஸி'ன் கதாநாயகன் இன்னொரு ஆணை நேசிக்கிறான். கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஃபார்ஸ்டர் அதை மாற்றுவதாக இல்லை. காதலர்களில் ஒருவனைக் கொன்றிருந்தால் புத்தகத்தை வெளியிடுவது ஒருவேளை சுலபமாயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். குற்றவாளிகள் சந்தோஷமாக இருந்துவிட்டால் அதுதான் ஆபத்து. ஆகவே கைப்பிரதியை நம்பகமான நண்பர்களிடம் மட்டும் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தார். 1970-ல், 91-வது வயதில் காலமானார். புத்தகம் அடுத்த வருஷம் வெளிவந்தது. ஒரு நல்ல முடிவு 57 வருஷங்கள் பெட்டிக்குள் இருந்தது. என்னைப்போன்ற எழுத்தாளர்கள் ஒரு மாதம் பிரசுரம் தாமதித்தால் ஆசிரியருக்குக் கோபமாகக் கடிதம் எழுதுகிறோம்!

சினிமாவிலும் இதே கதைதான். பள்ளிப் பருவத்துக் காதலைப் பற்றி 1931-ல் ஜெர்மனியில் ஒரு படம் எடுத்தார்கள். 'மெட்ஷென் இன் யூனிஃபார்ம்'. ஆசிரியையின்மேல் ஒரு மாணவி கொள்ளும் முதல் பிரியம் விஷயம். பெரிய கம்பெனியின் படமல்ல. கலைஞர்கள் சம்பளத்துக்குப் பதில் பங்கு வைத்துக்கொண்டு கூட்டுறவு முறையில் எடுத்தது. டைரக்ட் செய்தவர் லியோன்டீன் சாகன், நடித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதிய மூல நாடகத்தில் அந்தப் பெண் மாடியிலிருந்து விழுந்து இறக்கிறாள். படத்தில் சக மாணவிகள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு வருஷத்தில் ஹிட்லர் வந்தார். அப்புறம் அந்த நாட்டில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

ஹாலிவுட்டில் தணிக்கை விதி இந்த விஷயத்தின் நிழல்கூடத் திரையில் விழக்கூடாது என்றிருந்தது. 1961-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். அந்த வருஷமே வந்த 'தி சில்ட்ரன்ஸ் அவர்' படத்தில், தன் தோழியை நேசிப்பதாக ஒப்புக்கொண்ட பெண் தூக்குப்போட்டுக்கொள்கிறாள். அதே வருஷம் இங்கிலாந்தில் வந்த 'விக்டிம்' துணிச்சலான படம். சட்டம் பணம் பறிப்பவர்களுக்குத்தான் உதவுகிறது என்று எடுத்துக்காட்டி, சட்டத்தை மாற்றவேண்டும் என்ற கட்சிக்குப் பலம் சேர்த்தது. அதிலும் ஓர் இளைஞன் போலீஸ் காவலில் தூக்கில் தொங்குகிறான். அனுதாபத்தோடு எடுத்தவர்களும் ஒரு பிணத்தைக் காட்டித்தான் அனுதாபம் கேட்க வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அனுதாபம் எந்த விலைக்குக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

சட்டம் மெதுவாக நகர்ந்தது. வுல்ஃபெண்டன் கமிட்டி மூன்று வருஷம் விசாரித்து, 1957-ல், வயது வந்த இருவர் தனிமையில் சம்மதித்து நடந்துகொள்வதில் சர்க்காருக்கு வேலை இல்லை என்று சிபாரிசு செய்தது. அதைச் சட்டமாக்க இன்னும் பத்து வருஷம் பிடித்தது. 1967-ம் வருஷத்துச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுந்தான். ஸ்காட்லாந்து 1980 வரையிலும், வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருந்தன. வயது வரம்பு 21. மற்றக் காதலர்களுக்கெல்லாம் 16 என்றிருக்க, இவர்களுக்கு மட்டும் ஐந்து வருஷம் கூடுதல்.

அப்புறம் 1988-ல் இருபத்தெட்டாம் ஷரத்து என்று ஒன்று வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தன்பால் காதலை ஆதரித்துப் பிரசாரம் செய்யக்கூடாது, அப்படிப்பட்ட உறவையும் ஒரு குடும்பம் என்று ஏற்கும்படி சர்க்கார் பள்ளிகளில் போதிக்கக்கூடாது என்று அது சொன்னது. அந்த ஷரத்தின் கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. தண்டிக்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. பயமே போதுமாயிருந்தது. வகுப்பில் ஒரு பையனை மற்றவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்தால், ஆசிரியர் குறுக்கிட்டு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று தெரியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான். ஜோனதன் ஹார்வி அந்தக் காலத்தில்தான் லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தார். வகுப்பில் பேச முடியாததை அவர் நாடகமாக எழுதினார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நாடகம் 1993-ல் புஷ் தியேட்டரில் அரங்கேறியது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அந்நாளில் அது ஒரு பப்பின் மாடியில் இருந்த சின்ன அரங்கம். அங்கிருந்து அடுத்த வருஷம் வெஸ்ட் எண்டின் பெரிய கொட்டகைக்குப் போயிற்று. அந்த இடைவெளியில், 1994 பிப்ரவரி 21-ம் தேதி, காமன்ஸ் சபையில் வயது வரம்பு விவாதத்துக்கு வந்தது. எட்வினா கரி என்ற கன்ஸர்வேட்டிவ் கட்சி அங்கத்தினர் எல்லோருக்கும்போல 16 என்று வைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 280 வோட்டு, எதிராக 307. இருபத்தேழு வோட்டில் தோற்றது. வெளியே மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற கூட்டம் கொதித்தது. பிறகு சமரசமாக 18 என்று முடிவாயிற்று. மேடையில் ஜேமியும் ஸ்டீயும் காதலித்துக்கொண்டிருந்தபோது, பார்லிமெண்டில் அவர்களை நிஜமாகவே எண்ணிப் பார்த்துக் குற்றவாளிகள் என்று மறுபடியும் தீர்மானித்திருந்தார்கள்.

படத்துக்குப் பணம் போட்டது சேனல் ஃபோர் டெலிவிஷன். 1982-ல் தொடங்கிய அந்த நிலையம், பெரிய கம்பெனிகள் தொடப் பயந்த விஷயங்களைச் சின்னச் செலவில் எடுக்க உதவிவந்தது. ஹனீஃப் குரேஷி எழுதிய 'மை பியூட்டிஃபுல் லாண்டிரெட்' 1985-ல் அப்படித்தான் வந்தது. பாகிஸ்தான் குடும்பத்துப் பையனும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் சேர்ந்து சலவைக்கடை நடத்தும் கதை. அதிலும் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். 'பியூட்டிஃபுல் திங்' டெலிவிஷனுக்கென்றே எடுத்த படம். நன்றாயிருக்கிறது என்று தியேட்டர்களில் வெளியிட்டார்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டிருந்தால் யாராவது ஒரு முதலாளி வந்து, கடைசியில் கொஞ்சம் கண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருப்பார். செலவு குறைவாக இருந்ததால் யோசனை சொல்கிறவர்களும் குறைவாக இருந்திருப்பார்கள். ஏழ்மையால் கலைக்கு வருகிற லாபங்களில் இது ஒன்று. தணிக்கையார் 15 வயதானவர்கள் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஆக, 15 வயதில் பார்க்கலாம், 18 வயது வரையில் அது குற்றம்! சட்டத்தைவிடத் தணிக்கைக்குப் புத்தி அதிகமாயிருந்த அபூர்வமான சந்தர்ப்பம்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். சாண்ட்ராவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. தாயும் பிள்ளையும் அழுகிறார்கள். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு உபதேசம் தெரியாது. பிள்ளை பிள்ளைதான், அவ்வளவே அவளுடைய வேதாந்தம். பிறகு ஒரு வெயில் நாளில் அந்தக் கான்கிரீட் குடியிருப்பின் நடு முற்றத்தில் காஸ் எலியட்டின் பழைய பாட்டு ஒலிக்கிறது. ஜேமியும் ஸ்டீயும் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு மெல்ல ஆடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் கூடி வேடிக்கை பார்க்கிறார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு, சிலர் முகத்தில் சிடுசிடுப்பு. சாண்ட்ரா லீயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பக்கத்திலேயே தானும் ஆடுகிறாள். யாராவது வாயைத் திறக்கட்டும் பார்ப்போம் என்று சுற்றிலும் ஒரு பார்வை. படம் முடிந்துவிட்டது. யாரும் சாகவில்லை.

இப்படியெல்லாம் உலகத்தில் நடக்குமா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். நடப்பதைத்தான் காட்டவேண்டுமென்றால் ராஜகுமாரியை மணந்த ஏழைகளின் கதைகள் எத்தனையைக் கொளுத்த வேண்டியிருக்கும்? ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, நடக்காதது நடந்துவிட்டது என்றுதான் முடிகிறது. அந்த உரிமையை இரண்டு ஏழைப் பையன்களுக்கும் கொடுத்தது இந்தப் படம்.

பிறகு உலகமும் மெதுவாகக் கதையைப் பின்தொடர்ந்தது. பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்டும், 2000-ல் காமன்ஸ் சபை தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி எல்லோருக்கும் 16 என்று சட்டம் செய்தது. இருபத்தெட்டாம் ஷரத்து அந்த வருஷமே ஸ்காட்லாந்தில் ஒழிந்தது, 2003-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒழிந்தது. தேம்ஸ்மீடின் பழைய கான்கிரீட் கட்டிடங்களிலும் பலவற்றை இடித்துவிட்டார்கள். நம் நாட்டுக்கு அதே இங்கிலாந்து 1860-ல் எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, எழுதியவர்கள் தங்கள் ஊரில் மாற்றிக்கொண்ட பிறகும் இங்கே ஐம்பது வருஷம் உட்கார்ந்திருந்தது. 2009-ல் டில்லி ஹைகோர்ட்டு அதன் பல்லைப் பிடுங்கியது, 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு திரும்பப் பொருத்தியது, 2018 செப்டம்பர் 6-ம் தேதி அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகப் பிடுங்கி எறிந்தார்கள். வயது வந்தவர்கள் சம்மதித்து நேசிப்பது அன்றிலிருந்து நம் நாட்டில் குற்றமில்லை.

நான் என் கதையை எழுதியபோது 377-வது பிரிவு உயிரோடு இருந்தது. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எந்தப் போலீஸ்காரரும் என் பேனாவைப் பிடித்துத் தள்ளவில்லை. இந்தப் படமும் அதற்கு முன்பே வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியாது. எங்கோ படித்த கதைகளைப் பார்த்து எழுதினேன். அந்தக் கதையைப் படித்தவர்களில் அப்படி ஒரு பையன் இருந்திருந்தால், அவன் கடைசிப் பக்கத்தில் என்ன தெரிந்துகொண்டிருப்பான் என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

தம்பி மகள் ஊருக்குப் போனபின், அந்தக் கதையை மாற்றி எழுத உட்கார்ந்தேன். அவனைக் கிணற்றடி வரையில் கொண்டுவருவது பழகின வழி, சுலபமாக இருந்தது. அங்கிருந்து வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போகத்தான் வழி தெரியவில்லை. நடுராத்திரியில் அவன் வந்து கதவைத் தட்டினால் திறப்பது யார்? சாண்ட்ராவைப்போல் ஒரு தாய் வேண்டுமே என்று பழைய பக்கங்களைப் புரட்டித் தேடினேன். எட்டுப் பக்கக் கதை. அதில் தகப்பனார் வருகிறார், வாத்தியார் வருகிறார், ஊரார் வருகிறார்கள். அவன் அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

முதலில் அவளை எழுத வேண்டும்.